அறுநூறு மீட்டர் ஆழத்துக் கிளை

ஆய்வுக் கப்பலில் வின்ச் என்ற கயிறு சுற்றும் எந்திரத்தை இயக்கும் அவளை எல்லோரும் 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு ஆழத்துக்கு எஃகுக் கயிற்றை இறக்கினாலும் அதன் நுனி எங்கே நிற்கிறது என்று அவள் கைக்குத் தெரியும் என்பது கப்பலில் பேச்சு.

அன்று காலை, கடலடிக் குன்று ஒன்றின் மேல் இரும்புக் கூடையை இறக்கித் தரையோடு இழுத்தார்கள். மேலே வந்தபோது அதில் சேற்றைவிட உடைசல்தான் அதிகம். எல்லாம், பின்னல் துணிபோலக் கிளைக்கும் இளஞ்சிவப்பு லேஸ் பவளத்தின் நொறுங்கல்.

"இது விரல் நீளம் வளரவே பல வருஷம் ஆகும்," என்று ஆய்வுக் குழுத் தலைவி உதட்டைக் கடித்தாள். "ஆனா முழுசா ஒரு கிளை வேணுமே. இன்னொரு தடவ இழுக்கணும்."

"வேணாம் மேடம்," என்றாள் மில்லிமீட்டர். "கேமராவோட அந்த இடுக்கிய மாட்டிக் குடுங்க. கீழ விழுந்து கெடக்கிற கிளை ஒண்ண மட்டும் எடுத்துத் தர்றேன்."

"இந்த அலையிலயா? கப்பல் ரெண்டு மீட்டர் ஏறி எறங்குது!"

"ஏறட்டுமே. ஏறுறப்ப கயிறு விடுவேன், எறங்குறப்ப இழுப்பேன். என் வேலையே அதானே?"

அறுநூறு மீட்டரில், வெயில் எட்டிப் பார்க்காத இருட்டில், கேமராவின் விளக்கு பாறையைத் தொட்டது. விசிறி விசிறியாகப் பவளம். அதன் இடுக்குகளில் ஒல்லிக் கை நட்சத்திர மீன்கள், இறால்கள். நீரோட்டத்துக்கு மறைவாக ஒதுங்கி நின்ற குட்டி மீன் ஒன்று.

தேநீரோடு வந்த சமையல்காரர் வாய் பிளந்தார். "அடேயப்பா, ஒண்டுக் குடித்தனம் மாதிரில்ல இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. கண் திரையில், கை நெம்புகோலில். முதல் தடவை தப்பியது. இரண்டாம் தடவை மணல் கிளம்பித் திரையை மறைத்தது. மூன்றாவதில் விரல் நீளக் கிளை ஒன்று இடுக்கியில் அகப்பட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அதன் தண்டுக்குள் சுரங்கம் போட்டு ஒரு புழு உயிரோடு குடியிருந்தது.

ஆறு மாதம் கழித்து, மீன்பிடிப் படகுக்காரர்கள் கூட்டத்தில் கேமரா எடுத்த படத்தைப் போட்டு, அந்தக் குன்றின் மேல் தரையை உரசி இழுக்கும் அடிவலை வேண்டாம் என்று கேட்டார்கள்.

"கல்லுக்காக எங்க வலைய நிறுத்தணுமா?" என்று ஒருவர் எகிறினார்.

அவள் எழுந்தாள். "கல்லுக்காக இல்லண்ணே. அங்க குட்டி மீன் ஒதுங்கி நின்னத என் கண்ணால பாத்தேன். அந்த எடத்த நொறுக்கிட்டா அது எங்க போகும்?"

அவர் படத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். மாலைக்குள், அந்தக் குன்றின் மேல் அடிவலை இழுப்பதில்லை என்று கையெழுத்தானது.

"கூட்டத்துலயே பேசிட்டியாமே, பயமா இல்லையா?" என்று வீட்டில் கணவன் கேட்டான்.

"பாத்தத சொன்னேன். இதுல என்ன பயம்? முதல்ல சோத்தப் போடு, பசி காத அடைக்குது."