என்னைப் பற்றி அவர் சொன்ன சாட்சி

குலசேகரம் சந்தையில் மரச்சீனிக் கிழங்குக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. மருத்துவமனையில் என்னோடு பணிபுரிந்த நர்ஸ் லில்லி பேசினாள். “அக்கா, நம்ம டாக்டரம்மா போயிட்டாவ. காலையில காப்பி கேட்டாவளாம். கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.” கிழங்கை வாங்காமலே வீடு திரும்பினேன். டாக்டர் ஞானரூபியின் மறைவுச் செய்தியை உங்களுள் பலர் அழுகையோடு கேட்டிருப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. சபை இதழுக்கு நினைவுக் கட்டுரை எழுதித் தருமாறு ஆயர் வேண்டியபோது, “உள்ளதை எழுதினால் வெளியிடுவீர்களா?” என்று வினவினேன். வெளியிடுவதாகச் சொன்னார். ஆதலால் எழுதுகிறேன்.

அவருடைய மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு நான் சென்றபோது, எதுவரை படித்தாய் என்று கேட்டார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டதையும், அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்ததையும் சொன்னேன். பொட்டலத் தாள்களையும் வேதாகமத்தையும் பழைய அகராதி ஒன்றையும் கொண்டு என் தமிழை நானே கட்டிக்கொண்டேன் என்றேன். ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவளாகவும் இதழுக்கு எழுதுபவளாகவும் மட்டுமே என்னை அறிந்தவர்களுக்கு இது தெரிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். என் எழுத்தைக் குறை கூறுவோரை என்னால் எதிர்கொள்ள இயலும், இரக்கப்படுவோரை இயலாது. “ஏட்டி, இது இந்த ரூமை விட்டு வெளிய போவாது, கேட்டியா?” என்றார். அன்றுமுதல் என்னைப் ‘புலவரே’ என்றுதான் அழைத்தார்.

நல்ல மருத்துவர், அதை நான் மறுக்கமாட்டேன். ரப்பர் பால் வெட்டும் முதியவர் ஒருவர் நெஞ்சுவலிக்கு வந்து, மருமகளைப் பற்றியே நெடுநேரம் பேசினார். வெளியே கூட்டம் முணுமுணுத்தது. டாக்டர் அசையவில்லை. “பேசி முடிக்காம பேனாவைத் தொடப்பிடாது. சூக்கேடு கடைசியிலதான் வாய்க்கு வரும்” என்று பின்னர் நோயைப் பற்றிச் சொன்னார்.

நம் சபையின் மருத்துவ ஊழியக் குழு இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்றபோது அவரே தலைமை தாங்கினார்; நானும் உடன் சென்றேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாளிடம், “எத்தற நாளாட்டு இந்த வலி? கெடந்தா கூடுதலா?” என்று அவர் வேகமாகக் கேட்க, அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “டொக்டர் அம்மா மலையாளமா பேசுறாங்க?” என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “புலவரே, இங்க வாரும். இனி நீருதான் எனக்க வாயி!”

அவர் கேட்டதையெல்லாம் நான் நிறுத்தி, தெளிவாக எடுத்துரைத்தேன். பெண்கள் என்னை டீச்சர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். நான் ஆசிரியை அல்லேன் என்றேன். “இவ்வளவு அழகா பேசுறீங்க. அப்ப டீச்சர்தான்” என்று அந்த அம்மாள் தீர்ப்புக் கூறிவிட்டார். என் வாழ்நாளில் நான் பெற்ற பட்டம் அது ஒன்றே.

கடைசி மாலை தோட்டத்து ஆலயத்தில் நற்செய்திக் கூட்டம். பேச எழுந்த டாக்டர் என் தோளைப் பற்றி முன்னால் நிறுத்தினார். “இந்தா நிக்காளே, இவளை நீங்க டீச்சர்னு விளிக்கிறீங்க. இவ அஞ்சாங் கிளாஸ் தாண்டல்ல. அண்டி ஆபீஸ்ல கெடந்தவ. ஒண்ணுமில்லாத இவளுக்க நாக்கைக் கர்த்தர் தொறந்தாரு. ஒங்களுக்கும் தொறப்பாரு!” அனைவரும் கைதட்டினார்கள். நம் குழுவினர் தட்டிய ஓசை மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகள் பல. ஆயினும் அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தவள் நான். என் உழைப்பையும் என் இரகசியத்தையும் ஒரே மூச்சில் அவர் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மலையிறங்கும் வண்டியில் கேட்டேன்: “யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?”

“வெப்ராளப்படாத மக்கா. நல்லதுக்குத்தான சொன்னேன். எத்தற பேரு கண்ணீர் விட்டாவ, பாத்தியா?”

“ஊரில் இதைச் சொல்லாதிருப்பீர்களா?”

“சொல்ல மாட்டேன். போதுமா?”

ஊரில் நடந்த நன்றி ஆராதனையில் ஊழிய அறிக்கையைப் படங்களோடு வாசித்தார். திரையில் என் படம் வந்ததும் கர்த்தர் செய்ததை அறிவிக்கும் அதே சாட்சியை அதே சொற்களில் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள்; கைதட்டினீர்கள். என் கட்டுரைகளில் குறை கண்டு வரிக்கு வரி வாதிட்டுவந்த மகளிர் சங்கத்து அம்மையார் ஒருவர் வாசலில் என் கன்னத்தைத் தட்டி, “அஞ்சாங் கிளாஸுக்கு இது கூடுதல்தான் மக்கா” என்றார். அதன்பின் என் எழுத்தோடு எவரும் வாதிடவில்லை.

மறுநாள் டாக்டரின் அறைக்குச் சென்றேன். “இதே அறையில் நீங்களும் என்னிடம் ஒன்றைச் சொல்லி அழுதீர்கள். சாட்சி என்றால் அதையும் சொல்லியிருக்கலாமே?” அவர் முகம் வெளிறியது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“ஏட்டி, அது வேற.”

“எவ்வகையில் வேறு?”

“நீ சொல்லீருவியா?” என்று கேட்டார். என்னைக் கூட்டத்தின் முன் நிறுத்தியதைவிட அந்தக் கேள்வியே என்னை ஆழமாகப் புண்படுத்தியது. இத்தனை காலம் பழகியும் என்னை அவ்வளவுதான் அறிந்திருந்தார். ஒன்றும் கூறாமல் வேலையை விட்டு வந்தேன். பிற்பாடு லில்லியிடம் சிலமுறை சொல்லியனுப்பினார், நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்க அழைத்தாரா, உறுதிமொழி வாங்க அழைத்தாரா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அவருடைய மகள், “அம்மைக்க நெனவா ஒங்களுக்கு என்ன வேணும் அக்கா? எடுத்துக்கிடுங்க” என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் அழுது சொன்னது என்னிடம் இருக்கிறது. அதை அந்த மகளும் அறியாள். நான் அவரை மன்னித்துவிடவில்லை. மன்னித்ததாக எழுதினால் இக்கட்டுரை பொய்யாகும். நம்பிச் சொல்லப்பட்டதை எவ்வாறு காப்பது என்பதை எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. அதையும் நானாகவே கற்றேன்.

அன்று நான் விடை கூறாமல் வந்துவிட்டேன், டாக்டர். சொல்லமாட்டேன்.