ஒலிபெருக்கிக்குப் போகாத உடுக்கு

“…கை மட்டும் ஆடினால் போதுமெண்டால் ஒரு பொம்மையை வாங்கி இருத்தியிருக்கலாமே அண்ணை. நான் ஏன் ட்ருகனினாவில இருந்து இவ்வளவு நாளும் பாலம் தாண்டி ஓடித் திரிஞ்சனான்?”

நிக்சன் இதை மேடையில், சவுண்ட் செக் நேரத்தில், என்னிடம் கேட்டான். பதில் சொல்ல வேண்டியவர்கள் மிக்சர் மேசையடியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எலக்ட்ரோனிக் ட்ரம்ஸ் வேலையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. மெல்பனில் ஒரு வாத்தியக் கடைக்குப் பெட்டி தூக்கப் போனவன் நான். பழுதாகி வந்தவற்றைக் கழற்றிப் பூட்டிப் பழகி, ஓய்வு பெறும்வரை அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது நகரின் கிழக்கே, மல்கிரேவில் என் கராஜில் தெரிந்தவர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். வயர் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. இரண்டு ஜாக், நாலு பாட்

நிக்சன் மன்னார்ப் பக்கம். இங்கே நகரின் மேற்கே, பாலத்துக்கு அந்தப் பக்கம் ட்ருகனினாவில் இருக்கிறான். பகலில் ஒரு வெயார்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், வார இறுதியில் சிறீயின் இசைக்குழுவில் ட்ரம்ஸ் அடிப்பான். சிறீ ரோவிலில் வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிறவர், குழுவுக்குத் தலைவர், கீபோர்டும் அவர்தான். சென்னையிலிருந்து பெயர்போன பாடகர் ஒருவர் வருகிறார், நாங்கள்தான் வாசிக்கப்போகிறோம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து நிக்சனுக்கு நிலத்தில் கால் இல்லை. உடுக்கு, உருமி, தவில் மூன்றும் வேண்டும், ஆனால் எலக்ட்ரோனிக் கிட்தான் கொண்டுவர வேண்டும் என்று சிறீ அழுத்திச் சொல்லியிருந்தார். ஹாலில் சத்தக் கட்டுப்பாடு இருக்குமாக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

நிக்சனின் மொடியூலில், அதாவது அடியைச் சத்தமாக மாற்றும் பெட்டியில், மேலதிக ரப்பர் பாட்களுக்கு இரண்டு ஜாக்தான் மிச்சம். தவிலின் வலது பக்க வலந்தலைக்கு ஒன்று, இடது பக்கத் தொப்பிக்கு ஒன்று, உடுக்குக்கு ஒன்று, உருமிக்கு ஒன்று என்று நாலு பாட் வேண்டும். ஸ்டீரியோ ஜாக் ஒவ்வொன்றையும், ஒரு முனை இரண்டாகப் பிரியும் வை-கேபிளால் பிரித்தால் நாலுக்கும் இடம் வரும். பாட் விளிம்புக்கென்று தனிச் சத்தம் கிடைக்காது, அதைத்தான் இழக்க வேண்டும்.

அங்கேதான் உருமி சண்டித்தனம் பண்ணியது. உருமியில் பாதி அடி, பாதி தேய்ப்பு. ரப்பர் பாட்டைத் தேய்த்தால் ஒன்றும் வராது. அதனால் மெதுவாகத் தட்டினால் உறுமல், ஓங்கி அடித்தால் அடி என்று ஒரே ரப்பரில் இரண்டு சத்தத்தை அடுக்கினேன். நிக்சன் அடித்துப் பார்த்துவிட்டு, “எங்கட சூப்பர்வைசர் மாதிரியே அண்ணை. மெல்லமாத் தட்டினால்தான் உறுமுவார்” என்றான்.

உடுக்கை நாங்களே பதிந்தோம். கோயிலில் இரவல் வாங்கிய உடுக்கை, என் வீட்டு உடுப்பு அறைக்குள், மனைவியின் சேலைகளுக்கு நடுவே நின்று அடித்தான். சேலை எதிரொலியை விழுங்கிவிடும். கயிற்றை இறுக்கி ஒரு தரம், தளர்த்தி ஒரு தரம் என்று அவன் அடிக்க, நான் மைக்கைப் பிடித்தேன். கஞ்சிபோட்ட சேலைகள் கசங்கியதற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

பிறகு உருமியில் அடித்தால் உடுக்கும் சேர்ந்து கத்தியது. இரண்டு பாட்டும் ஸ்டாண்டின் ஒரே குழாயில் பூட்டியிருந்தால் அதிர்வு பாயும். “இவனுக்கு அடிச்சால் பக்கத்து வீட்டுக்காரன் எல்லோ அழுறான்” என்றான் நிக்சன். அந்தக் கோளாறை யாருக்கு விளக்கினாலும் இன்றுவரை அவனுடைய அந்த வசனத்தைத்தான் சொல்கிறேன். உடுக்கைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றி, எவ்வளவு அடிக்குச் சத்தம் எழும்பும் என்கிற த்ரெஷோல்டை ஒரு நூல் உயர்த்தியதும் சரிவந்தது. அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிடாதீர்கள், மெல்லிய அடி செத்துப்போகும்.

நிக்சன் வேலையிடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அவனுடைய ஷிஃப்ட் ஆட்கள், சமோவாக்காரர், பஞ்சாபிகள், வியட்நாமியர் எல்லாரும் டிக்கெட் வாங்கினார்கள். தமிழ்ப் பாட்டு அவர்களுக்கு விளங்காது. நிக்சன் அடிப்பதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

2. ட்ராக்

சவுண்ட் செக்கில் பாடகருடன் வந்த இன்ஜினியர் எங்களிடம் வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை.

“அண்ணே, ட்ரம்ஸ், பெர்கஷன் எல்லாமே முன்னாடியே ரெக்கார்ட் பண்ணின ட்ராக்ல இருக்கு. நீங்க சும்மா கூடவே ஆக்‌ஷன் குடுத்தா போதும். நிஜ ட்ரம்ஸா இருந்தா மேடைச் சத்தம் வந்துரும். அதான் எலக்ட்ரானிக் கிட் கேட்டோம்.”

சொல்லிவிட்டு அவர் மிக்சர் மேசையடிக்குக் கோப்பி குடிக்கப் போனார். அங்கே நின்ற சிறீயைத் திரும்பிப் பார்த்தோம். அவருக்கு முதலே தெரியும் என்பது அவர் ஃபோனைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. அப்போதுதான் நிக்சன் என்னிடம் அந்தப் பொம்மைக் கதையைக் கேட்டான். சிறீ பக்கத்தில் வந்து அவன் தோளில் கைபோட்டார்.

“இஞ்ச பார் ராசா, இப்ப எல்லா இடமும் இதுதான். சனத்துக்கு என்ன விளங்கப் போகுது? பேர் உனக்குத்தானே.”

“என்ர ஆக்கள் வந்து இருக்கப்போகினம்.”

“அதுக்குத்தான் சொல்லுறன். அவைக்கு முன்னால வடிவா இரு.”

நான் வாய் திறக்க முன்பே நிக்சன் போய் ஆசனத்தில் இருந்துவிட்டான். வெளியே அவனுடைய ஆட்கள் கார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள், பாட் பூட்ட வேண்டும் என்று யாராவது வந்தால் என்ன சத்தம் வேண்டும் என்று முதலில் கேளாதீர்கள். அந்தச் சத்தம் மிக்சர்வரை போகுமா என்று கேளுங்கள். கேட்டால் வேலை தவறிப்போகலாம், போகட்டும்.

3. அறிமுகம்

முதல் பாதி முழுக்க நிக்சன் ஓரடி பிசகாமல் நடித்தான். உடுக்கு வரும் இடத்தில் உடுக்குக்கென்று பூட்டிய ரப்பரிலேயே அடித்தான். மேடையோரத்தில் நின்ற எனக்கு மட்டும் ரப்பரில் குச்சி விழும் சத்தம் கேட்டது.

இப்படியான கச்சேரிகளில் இடையில் பாடகர் வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்வது வழக்கம். பெயர் சொன்னதும் ஒவ்வொருவரும் கொஞ்சம் வாசித்துக் காட்ட வேண்டும். ட்ராக்கை ஒழுங்கு செய்தவர்கள் ஒருவரும் இதை நினைக்கவில்லை. பாடகரும் பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டார். கீபோர்ட் முடிந்தது, கிட்டார் முடிந்தது.

“ட்ரம்ஸ்ல நம்ம நிக்சன்! ஒரு கை பாத்துரலாமா?”

வெளிச்சம் நிக்சன்மேல் விழுந்தது. அவனுடைய ஆட்கள் ஒரு வரிசையாக எழுந்து விசிலடித்தார்கள். நிக்சன் உடுக்கில் தொடங்கினான். உருமிக்குப் போய், தவில் பாட் இரண்டிலும் இறங்கினான். ஹாலில் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோல் தொப் தொப் என்று மட்டும் வந்தது. இன்ஜினியர் பொத்தான்களைத் தடவினார். அவருக்கும் மறந்துவிட்டது, மொடியூலிலிருந்து வரும் வயரை ஒருவரும் செருகவேயில்லை. அதன் நுனி மேடையோரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிக்சன் நிறுத்தவில்லை. நினைத்து வைத்ததை முழுதாக அடித்து முடித்தான். பாடகர், “சூப்பர்! கை தட்டுங்க!” என்றார். ஹால் கை தட்டியது. நின்றுகொண்டிருந்த வரிசை தட்டவில்லை. சமோவாக்காரச் சூப்பர்வைசர் காதருகே கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராகக் கதிரையில் இருந்தார்கள்.

அடுத்த பாட்டு உடுக்கில் தொடங்குவது. இன்ஜினியர் அவசரமாக ட்ராக்கை விட்டார்.

நிக்சன் குச்சிகள் இரண்டையும் உடுக்கு ரப்பரின்மேல் குறுக்காக வைத்தான். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் உடுக்கு முழங்கியது, உருமி சேர்ந்தது, ட்ரம்ஸ் இறங்கியது. சிறீ கீபோர்டில் இருந்தபடி அவனுக்குக் கண்ணால் கெஞ்சினார். அவன் திரும்பவில்லை. வெளிச்சத்துக்குள் அசையாமல் இருந்து, தன் ஆட்களின் வரிசையைப் பார்த்தபடி, பாட்டு முடியும்வரை தானும் கேட்டுக்கொண்டிருந்தான்.