மார்ச் மாதத்து இறக்கை

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காற்றாலைக்கு இறக்கை செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. முன்பு அங்கே மீன்பிடிப் படகுதான் செய்தார்கள். தொண்ணூற்று மூன்றில் காற்றாலைக்கு மவுசு வந்ததும் முதலாளி அச்சை மாற்றிக்கொண்டார். குத்தம்பாக்கத்துத் துலுக்கானம் இரண்டுக்கும் பைபர் போட்டவன். உடம்பெல்லாம் கண்ணாடி நார் அரிக்க, ரெசின் நெடி மூக்கிலேயே குடியிருக்க, ஏழு வருஷமாக டெம்பரரி. பர்மனென்ட் ஆகிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவன் வேண்டுதல்.

வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இறக்கை காய்ந்ததும் நாலணாக் காசால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போவான். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே குமிழி. அந்த இடத்தை அறுத்தெறிந்து மறுபடி போட வேண்டும்.

இன்ஜினியர் ஆனந்தன் கனவுக்காரர். டீ நேரத்தில் காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவார்: கடலில் பெரிய மிதவை, அதன்மேல் காற்றாடி. நடுக்கடலில் காற்று ஓயாது. தரையில் நடுவதைவிட மூன்று பங்கு செலவு, இருந்தாலும் ஒருநாள் வந்தே தீரும் என்பார். படகும் இறக்கையும் தெரிந்த துலுக்கானத்துக்கு அப்போது ராஜயோகமாம். இவனும் நம்பித் தொலைத்தான்.

தொண்ணூற்றைந்து, மார்ச் இருபத்து மூன்று. கோயம்புத்தூர் மில்காரர் ஒருவருக்குப் போகவேண்டிய இறக்கை, அடிப்பக்கம் மந்தமாகக் கேட்டது. மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு ஆனந்தனைக் கூப்பிட்டான்.

"உள்ள பொள்ளலா கீது சார். அறுத்துப் போட்டா நாலு நாள் ஆவும்."

நாலு நாளுக்கு எங்கே போவது? முப்பத்தொன்றுக்குள் ஆரல்வாய்மொழியில் நட்டு, ஓடுகிறது என்று சான்று வாங்கினால்தான் மில்காரருக்கு அந்த வருஷ வரியில் கழிவு. ஆனந்தன் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: அந்த மனிதருக்கு வேண்டியது கரண்ட் இல்லை, கழிவுதான்; அன்றைக்கு ஓடிக் காட்டினால் போதும். ஏப்ரலில் பர்மனென்ட் லிஸ்ட் போடுகிறார்கள், முதல் பெயர் உன்னுடையதுதான் என்று முதலாளி சொல்லி அனுப்பியதையும் சொன்னார்.

துலுக்கானம் மேலே ஒரு பூச்சுப் பூசினான். தேய்த்தான், பெயின்ட் அடித்தான், லாரியில் ஏற்றினான். கடலுக்குப் போகிற படகில் இதைச் செய்தால் கொலை. அது அவனுக்குத் தெரியும், பாவி.

ஏப்ரலில் லிஸ்ட் வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், வாய் கூசாமல்.

ஆடியில் வேறொரு காற்றாலை ரிப்பேருக்காக அவனை ஆரல்வாய்மொழிக்கு அனுப்பினார்கள். அப்பப்பா, என்ன காற்று! லுங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. மலையடிவாரம் முழுக்கக் காற்றாடிகள் சுற்ற, மில்காரருடையது மட்டும் பிரேக் போட்டு நின்றது. இறக்கையின் அடியில் விரிசல். இன்றைக்கே சரிசெய்து தருகிறேன், கூலி வேண்டாம் என்று காவல்காரரிடம் கெஞ்சினான். ஜூனிலேயே அவர் போன் போட்டுச் சொன்னதற்கு, நிற்கட்டும் விடு என்றுவிட்டாராம் மில்காரர். அவர் கழிவு அவருக்கு வந்துவிட்டதே, இனி அது சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன!

தொண்ணூற்றாறில் வரிச்சட்டம் மாறியது. ஆர்டர்கள் நின்றன. டெம்பரரி ஆட்களைத்தான் முதலில் கழித்தார்கள். துலுக்கானம் ஆனந்தனிடம் போய் நின்றான்.

"காத்து அடிச்சிகினுதான சார் கீது. அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்திட்டாங்கோ?"

"காத்துக்கு எவன்யா காசு போட்டான்? வரிக்குத்தான் போட்டான்" என்றார் ஆனந்தன். கடலைப் பற்றி அவரும் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

காட்டுப்பாக்கத்தில் பைபர் பாத்ரூம் கதவு செய்கிற கொட்டகையில் சேர்ந்தான். ஒருநாள் சாப்பிடும்போது அவன் மனைவி தாயம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னாள்: அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருந்தால் அப்போதே வேலை போயிருக்கும், விட்டுத்தள்ளு.

துலுக்கானம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான்.

"அன்னிக்கே போயிருக்கலாம் தாயம்மா. அத்த மூடுனது என் கையா இருந்திருக்காது."