மடிப்பு அக்காவின் எதிர்ப்பேச்சுப் பாடம்

காலரில் முதலில் உள்பக்கம், அப்புறம்தான் வெளிப்பக்கம். அதில் சமரசமே கிடையாது. மடிப்பு அக்கா இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கிறாள். 'சுர்' என்ற சத்தம் மனசுக்குப் பிடித்தால்தான் சட்டை மேசைக்கு வரும். மூன்றே இழுப்பில் காலர் நிமிர்ந்துவிடும். "துணியைக் கண்ணால பாக்கவே வேணாம், தொட்டாலே அது ஜாதகம் சொல்லும்" என்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது கரண்ட் பில்லோடு சரி.

அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளுடைய சலவைக் கடை. திரைக்குப் பின்னால் மகளின் படிப்பு மேசை. எட்டாம் வகுப்பு. வீட்டுச் சட்டம் இரண்டுதான்: பாடம் முடியாமல் எழுந்திருக்கக் கூடாது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. ஏன் என்று கேட்டால், "நான் சொன்னேன்ல, அதான்."

பக்கத்துக் கடை முடிதிருத்துபவர் வேறு நாட்டுக்காரர், வேறு மொழிக்காரர். அவர் மகளும் அதே வகுப்புதான். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்; அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். "எங்க வீட்ல நான் இப்படிப் பேசியிருந்தா முதுகுத் தோலை உரிச்சிருப்பாங்க" என்று அக்கா நொடிப்பாள். பரீட்சை என்று வந்தால் தன் மகள்தானே முதல்? அந்தப் பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியாது.

அரையாண்டு முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "எழுத்துல உங்க பொண்ணை அடிச்சிக்க ஆளே இல்ல. ஆனா வகுப்புல விவாதம் பண்றதுக்கு முப்பது மார்க் இருக்கு. இவ வாயே திறக்கல, சைபர். இப்படியே போனா அறிவியல் பிரிவுல இடம் கிடைக்காது." பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு இருபத்தெட்டாம்.

திரும்பி வரும்போது மகள் மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் பதில் தெரியும்மா. டீச்சர் தப்பா சொன்னப்பகூடத் தெரிஞ்சுது. பெரியவங்களாச்சேன்னு சும்மா இருந்துட்டேன்."

 பாவி, என் கையாலேயே பிள்ளை வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டேனே என்று அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், தேய்த்துக்கொண்டே பாடத்தை ஆரம்பித்தாள். "நான் ஒரு பொய் சொல்வேன். நீ எதிர்த்துப் பேசணும், காரணத்தோட. சூரியன்தான் பூமியைச் சுத்துது."

மகள் தலையைக் குனிந்தாள். "சரிம்மா."

"அடிப்பாவி! இதுக்குமா சரிம்மா?"

பத்து நாள் பிடித்தது முதல் 'இல்லம்மா' வருவதற்கு. வந்தபிறகு நிற்கவில்லை. ஒருநாள் மகள் மடக்கிய மடக்கில், "வாய் நீளுதா உனக்கு?" என்று அக்கா பெட்டியை ஓங்கி வைத்துவிட்டாள். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்ல இல்ல, நீ சொல்லு" என்றாள். முடிதிருத்துபவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சண்டையா?" என்றார். "பாடம் நடக்குது, போங்க." இப்போது அவர் மகளும் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்து எழுதுகிறாள். "எங்க வீட்ல இருந்தா இவ ஒரு வரி எழுத மாட்டா" என்று அவரே கொண்டுவந்து விட்டுப் போனார். அக்காவுக்கு அதிலும் ஒரு பெருமை.

வகுப்பில் அடுத்த விவாதத்துக்கு முந்தின நாள், ஒரு அம்மாள் நீளக் கவுன் ஒன்றைக் கொண்டுவந்து அவசரம் என்றாள். அக்கா தொட்டுப் பார்த்தாள். "பருத்தி. நல்லா சூடு தாங்கும்." பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"இல்லம்மா." மகள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "இதுல செயற்கை நூல் கலந்திருக்கு. இந்தச் சூட்டுக்குத் தாங்காது."

அக்கா பருத்தி என்றது பயிற்சிக்குச் சொன்ன பொய் இல்லை. பதினைந்து வருஷத் தொழில் பேசிய பேச்சு. அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரியவங்க சொல்றப்ப என்ன இது எதிர்ப்பேச்சு?" என்றாள் அந்த அம்மாள். மகளின் தலை பழைய வழக்கத்தில் குனியப் பார்த்தது.

"குனியாதே" என்றாள் அக்கா. "எப்படிச் சொல்றே? காரணம்?"

மகள் கவுனின் உள்மடிப்பில் துணியிலிருந்து பிரிந்து தொங்கிய நூலை இழுத்து அறுத்தாள். பெட்டியின் அடியில் வைத்தாள். நூல் சுருண்டு அதிலேயே ஒட்டிக்கொண்டது.

அக்கா அந்த நூலையே பார்த்தாள்.

"அவங்களுக்கும் விளக்கமா சொல்லும்மா" என்றாள். மகள் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அக்கா பெட்டியின் சூட்டுத் திருகை மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினாள்.