அப்பாவின் உள்ளங்கையும் இரண்டு செல்லோக்களும்

அப்பா ஸ்பீக்கர் பெட்டியைக் காதால் சோதித்து நான் பார்த்ததில்லை. மைக் செட் போடப் போன இடத்தில் வயர்களை இழுத்து முடித்ததும், ஒரு பாட்டை ஓடவிட்டு, பெட்டி பெட்டியாகப் போய் வலது உள்ளங்கையை வைப்பார். இரண்டு நொடிதான். "உசுரு இருக்கு" என்று அடுத்த பெட்டிக்கு நகர்வார். சில சமயம் கையை எடுத்து, "இது செத்துப்போச்சு" என்பார். குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே வருடக்கணக்காக நின்று அவர் காது மந்தமாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. அதை ஒரு வித்தை என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆவூர் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு அவருடன் வயர் சுருளைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் முதல்முதலாகச் செல்லோவைப் பார்த்தேன். வயலினின் அண்ணன் மாதிரி பெரியது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, அதை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வில்லை இழுத்தார். நான் நின்ற இடத்தில் வயிற்றுக்குள் ஏதோ அதிர்ந்தது. வேலைக்குப் போனதும் இதைக் கற்றுக்கொள்வேன் என்று அன்றே முடிவுசெய்தேன். திருச்சியில் வேலை கிடைத்த வருடமே வகுப்பில் சேர்ந்தும்விட்டேன்.

இசைக்கருவிக் கடையில் மாத வாடகைக்கு இரண்டு விதம் இருந்தது. ஒன்று மரத்தாலான வழக்கமான செல்லோ. பெட்டி போல உள்ளே வெற்றிடம், நல்ல சத்தம். மற்றது மின்சாரச் செல்லோ. உடம்பே இல்லாமல் எலும்புக்கூடு போல இருக்கும், ஹெட்போனை மாட்டினால் வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும். எதில் தொடங்கினாலும் தப்பில்லை என்றார் ஆசிரியை. நான் யோசிக்காமல் மின்சாரத்தைக் கைகாட்டினேன். பக்கத்து அறைக்குத் தொந்தரவு இருக்காது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு மனு எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் தடுமாறி அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்கவும் கூடாது என்றிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை இலுப்பூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா குளித்து, சட்டை மாற்றி, எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் வாசித்தேன். அவருக்குத் தெரிந்தது என் கை போய் வருவது மட்டும். ஹெட்போனை அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கடைசிவரை கூட்டினேன். "கேக்கலயேத்தா" என்றார். பிறகு பழக்கதோஷத்தில் அந்த மெல்லிய சட்டத்தின் மேல் கையை வைத்தார். இரண்டு நொடியில் எடுத்துக்கொண்டார். செத்துப்போச்சு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அத்தை பேரனுக்குக் காதுகுத்து. வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, வாசலில் பெட்டிகளை அடுக்கியிருந்தார் அப்பா. நான் உள்ளே ஹெட்போனுடன் பழகிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வயரை இழுத்துக்கொண்டு வந்தார். "இரு, இப்பக் கேக்கும் பாரு" என்று ஹெட்போன் முனையைப் பிடுங்கிவிட்டுத் தன் வயரைச் செருகினார். தடுப்பதற்குள் வில் கம்பியில் இறங்கிவிட்டது. வேப்பமரம் முக்கி முனகியது. அடுத்த நொடி அத்தையின் உரத்த குரல் வந்தது.

"ஏண்ணே, எருமைக்கு வலி வந்தத மைக் வச்சாச் சொல்லுவாங்க?"

"எருமையில்ல, எம்மக!" என்று கத்தினார் அப்பா.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றியது. எட்டிப் பார்த்தேன். அப்பா வாசல் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, "நிப்பாட்டாதத்தா, இங்கிட்டு உசுரு இருக்கு!" என்றார். அப்படியொரு முகத்தை நான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றுகூடப் பார்த்ததில்லை. மறுபடி இழுத்தேன். மறுபடி எருமைதான். அத்தை வந்து, "காது குத்துற வரைக்கும் இதையே வாசி, புள்ள பயத்துல அழ மறந்துரும்" என்றாள். நானே சிரித்துவிட்டேன். மாலைக்குள் மூன்று பேர் மனு எழுதவும் வந்தார்கள். என் மதிப்பு எங்கும் போய்விடவில்லை.

திங்கட்கிழமை கடையில் அதைக் கொடுத்துவிட்டு மரச் செல்லோவை எடுத்துக்கொண்டேன். மின்சாரச் செல்லோவில் குறை ஒன்றுமில்லை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் அது அப்பாவை எட்ட வேப்பமரமும் குழாயும் வேண்டும். மரச் செல்லோவோ தானே ஒரு பெட்டி.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு முழுப் பாடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் குனிந்து நின்று, செல்லோவின் விலாவில் உள்ளங்கையை வைத்திருந்தார். இரண்டு நொடி அல்ல, பாடம் முடியும் வரை. நடுவில் ஓரிடத்தில் வில் வழுக்கியது. முடித்ததும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பெட்டி நல்ல பெட்டித்தா" என்றார். "நடுவுல ஒரு கரகரப்பு வந்துச்சு பாரு, அது ஒன்னோடது."