மாட்டுத் தொட்டியில் போட்ட பை

மலேசியாவில் ஆறாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகத் திரிந்தவன் நான். தொண்ணூறுகளில் ஏரிக்கரையில் மரம் நடும் தொண்டனாகக் குத்தம்பாக்கம் கிராமத்துக்கு வந்து, அவ்வூரில் மாடு வளர்த்த கன்னியம்மா அக்கா வீட்டில் தங்கினேன். அங்கே எதுவும் வீணாகாது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் மாட்டின் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். உதவுவதாக நினைத்து, நான் தின்ற வாழைப்பழத் தோல்களைப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே அதில் போட்டேன்.

சற்று நேரத்தில் பசு மூச்சுத் திணறியது. அக்கா ஓடிவந்து, அதன் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுப் பையை உருவினார்.

"இன்னா நைனா, மரம் நட வந்தியா, மாட்ட சாவடிக்க வந்தியா?" என்றார்.

மாலையில் அந்தப் பசுவின் பாலில் போட்ட காபியை எனக்கும் கொடுத்தார். குடிக்கக் கூசியது.

இப்போது எந்த வீட்டில் தங்கினாலும், கையால் துழாவிப் பார்க்காமல் மாட்டுத் தொட்டியில் எதையும் கொட்டுவதில்லை.