மாடத்தில் இரண்டு மருந்துப் பொட்டலம்

என் மகளுக்கு நாலு வயதில் மூன்று நாள் துப்பாக்கி மருந்தைத் தேனில் குழைத்து ஊட்டியவள் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். தென்காசியில் எங்கள் சொந்தக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். அவர் போய்விட்டார். இனி யாருக்காக மறைக்க வேண்டும்?

ஐம்பதுகளின் கடைசி அது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்கள் வீடு. மலையடிவாரத்தில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டிருந்தோம். கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு ராத்திரி போதும், ஏர் பூட்டி உழுத மாதிரி ஆக்கிவிட்டுப் போய்விடும். அதற்காகவே இவர் லைசென்ஸ் எடுத்து ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தோட்டாவுக்குத்தான் பாடு. திருநெல்வேலிக்குப் போய்க் கடையில் கேட்டால் சரக்கு வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்பார்கள். பன்றி அடுத்த மாதம் வரை காத்திருக்குமா?

செங்கோட்டைப் பக்கம் இவருக்கு ஒரு சிநேகிதர், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிறவர். துரைமார் சுட்டுப் போட்ட வெற்றுத் தோட்டாக்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். காகிதக் குழாய்தான், அடியில் பித்தளை மூடி. அதை வீணாக்காமல் திரும்ப அடைத்துக்கொள்ளலாம் என்று காப்பி குடிக்கிற நேரத்துக்குள் செய்தும் காட்டிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு அன்றைக்கே கை பரபரத்தது.

வீட்டில் நெருப்பு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, இந்த வேலை இங்கே வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அதற்கு அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பேல்லா? அதே வேலதான்ட்டி இது."

பூரணம் வைக்கிறவர் கடைக்குப் போய் மருந்தும் கேப்பும் ரவையும் வாங்கி வந்தார். கேப் என்பது தோட்டாவின் அடியில் பதிக்கிற பொட்டு வெடி, அது பட்டென்று பொறி கக்கித்தான் மருந்து பற்றும். இவர் மருந்து என்றால் வெடிமருந்து. ரவை என்றால் ஈயக் குண்டு. என் அடுக்களை வார்த்தைகள் முழுக்க இவர் வாயில் வேறு அர்த்தமாகிவிட்டன. வார்த்தை மட்டுமா? அஞ்சறைப்பெட்டியில் கிடந்த சின்னக் கரண்டி மருந்து அளக்கப் போனது. மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கிற தக்கைக்கு அட்டை வேண்டும் என்று பரணில் ஏறி, மிச்சம் இருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வட்டம் வட்டமாய் வெட்டினார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. நம் பெயரை வெட்டுகிறீர்களே என்றேன். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே என்றார்.

அந்த வாரம்தான் பிள்ளைக்குக் கக்குவான் இருமல் பிடித்தது. இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் மூச்சைக் கூவென்று இழுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கிறபோதெல்லாம் என் உயிர் போய் உயிர் வரும். பண்பொழியில் ஒரு வைத்தியர் மயிலிறகைச் சுட்டுக் கருக்கிப் பொடியாக்கிக் கொடுத்தார். காலையும் மாலையும் தேனில் குழைத்துக் கொடு, மூன்று நாளில் கேட்கும் என்றார். நல்ல கறுப்புப் பொடி, பழைய பத்திரிகைக் காகிதத்தில் பொட்டலம். வீட்டுக்கு வர இருட்டிவிட்டது, நாளைக்குத் தொடங்கலாம் என்று அதை மாடத்தில் வைத்தேன்.

இவரும் அடைத்தது போக மிஞ்சிய மருந்தைப் பத்திரிகைக் காகிதத்தில் மடித்து அதே மாடத்தில் வைத்திருக்கிறார். அதுவும் கறுப்பு. பிள்ளைக்கு எட்டாத உயரம் என்று வைத்தாராம். அதுவரைக்கும் புத்தி வேலை செய்திருக்கிறது.

மறுநாள் மிச்சத் தோட்டாவையும் அடைத்துவிட உட்கார்ந்தவர் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"மருந்து எங்கட்டி இருக்கு?"

பிள்ளைக்கு மருந்து கொடுக்கத்தான் கேட்கிறார், அதிசயமாய் இருக்கிறதே என்று நினைத்து, அவளைக் குளிக்கவைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான் சொன்னேன்.

"மாடத்துல இருக்கு, எடுத்துக்கிடுங்க."

எடுத்துக்கொண்டார். வைத்தியர் கொடுத்த பொட்டலத்தை. சீசன் நேரம், நாள் முழுக்கச் சாரல், கூடத்தில் பகலிலேயே அரை இருட்டு. கையில் மாவாய் நைந்ததை ஈரம் பட்டது என்று நினைத்துக்கொண்டாராம். புதிதாய்த் தொழில் கற்றவருக்கு அவ்வளவுதான் தெரியும். மாலையில் நான் கையை விட்டுத் துழாவியபோது மாடத்தில் ஒரே ஒரு பொட்டலம் இருந்தது. அவிழ்த்தேன். கறுப்பாய் இருந்தது, குறுணை குறுணையாய்க் கட்டியிருந்தது. சாரல் ஈரத்தில் எதுதான் கட்டாமல் இருக்கிறது? அம்மியில் வைத்து நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மறுநாள் நமத்திருந்ததென்று பொட்டலத்தை அடுப்புத் திட்டில் வைத்து உலர்த்தினேன். எரிகிற அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"உப்பா இருக்கும்மா."

மருந்து அப்படித்தான் இருக்கும், வாயை மூடி முழுங்கு என்று அதட்டினேன். மூன்று நாள் அதட்டினேன். இருமல் ஒரு துளி குறையவில்லை.

நாலாம் நாள் விடியலிலேயே இவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். முந்தின நாள் தோட்டாவை வைத்து இருவருக்கும் வாய்ச்சண்டை. பேசாமல், சாப்பிடாமல் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. இட்லியும் காப்பியும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிள்ளை இருமிக்கொண்டே முந்தானையைப் பிடித்தாள். சனியன் பிடித்த இருமல், மூன்று நாளில் போகும் என்றானே வைத்தியன் என்று திட்டிக்கொண்டே அவளையும் இடுப்பில் தூக்கி, இருவருக்கும் சேர்த்துச் சாக்கைக் கொங்காணியாய் மடித்துத் தலையில் போட்டுக்கொண்டேன். எப்போதும் வாய்க்கால் வரப்போடுதான் போவேன். அன்றைக்கு அருவியில் தண்ணீர் கூடி வாய்க்கால் வரப்பை முழுங்கிவிட்டது. குறுக்கே வாழைக்குள் புகுந்து குனிந்து நடந்தேன்.

பட் என்று ஒரு சத்தம். நமத்த ஓலைப்பட்டாசு வெடித்தால் வருமே, அது. நான் நின்றுவிட்டேன். உடனே பிள்ளைக்கு இருமல் வந்தது. இருமி, மூச்சை இழுத்துக் கூவினாள். பத்தடி தள்ளி வாழை மறைவிலிருந்து இவர் எழுந்தார். குழல் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளையாடுகிறார் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் தூக்குவாளி கையிலிருந்து நழுவிவிட்டது. குழலைத் தாழ்த்தினார். வலதுபக்கக் குழல் வாயிலிருந்து ஈய ரவை பொலபொலவென்று சேற்றில் உதிர்ந்தது. பின்னாலேயே ஒரு தக்கை விழுந்தது, எங்கள் பத்திரிகையின் மஞ்சள் அட்டை. அப்புறம் கறுப்பாய்க் கொஞ்சம் பொடி.

"பன்னின்னு நெனச்சேன்," என்றார்.

நான் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். கருகின இறகு வாடை. வைத்தியர் வீட்டில் முகர்ந்த அதே வாடை.

"இது புள்ளைக்கு வாங்கின மருந்துல்லா," என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்படியானால் பிள்ளைக்கு நான் கொடுத்தது என்ன என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

தென்காசி டாக்டர் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று நினைவில் இல்லை. யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றினார். காலில் செருப்பு இல்லை, சேலையெல்லாம் சேறு. வழியெல்லாம் பிள்ளையின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெடித்துவிடுமோ என்று பயந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், அன்றைக்கு அப்படித்தான் பயந்தேன்.

என்னம்மா கொடுத்தாய் என்று டாக்டர் கேட்டார். மருந்து என்றேன். என்ன மருந்து என்றார்.

"துப்பாக்கி மருந்து, ஐயா."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு, எத்தனை வேளை என்று கேட்டு, கண்ணையும் நாக்கையும் பார்த்து, வயிற்றை அமுக்கி, மத்தியானம் வரை அங்கேயே படுக்கவைத்தார். சிட்டிகை அளவுதான் என்பதால் பிழைத்தாள், நிறைய இளநீர் கொடு என்றார். அதோடு விட்டாரா? பெற்றவள் பொட்டலத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டாமா, கண் எங்கே போனது என்று அத்தனை நோயாளிகளுக்கும் முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். இவரும் பக்கத்தில் நின்றார். துப்பாக்கியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் மூலம் பொழுது சாயும் முன்னே ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். பிள்ளை தூங்கினாள். நான் போய் அடுப்புத் திட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். பின்வாசலில் இவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலதுபக்கத் தோட்டா வெற்றுக் கூடு. இடதுபக்கத்தில் இன்னொன்று சுடாமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கத்தியால் கீறி, உள்ளே இருந்ததைத் துவைக்கிற கல்லில் கொட்டி, தீக்குச்சியைக் கிழித்து எட்ட நின்று போட்டார்.

புஸ்ஸென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. முதல் நாள் அடைத்த தோட்டா அது. நல்ல மருந்து.

அவர் என்னைப் பார்க்காமல், அணைந்துபோன கல்லைப் பார்த்தபடி பேசினார்.

"மொத விசை பொய்யாப் போச்சுன்னதும் ரெண்டாவதுல வெரல வச்சிட்டேன்ட்டி. அமுக்கப் போனேன். புள்ள இருமுனா."

துப்பாக்கியை மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்தார். கிழங்கைப் பன்றி தின்றது, தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். பிள்ளைக்கு வெடிமருந்து கொடுத்த புண்ணியவதி என்று கல்யாண வீட்டில், சடங்கு வீட்டில் யாராவது என்னைக் கேலி செய்ய ஆரம்பித்தால் இவர் இலையிலிருந்துகூட எழுந்து போய்விடுவார். மனைவியைச் சொன்னால் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை பார் என்பார்கள்.

அந்த இருமல் அதற்கப்புறம் இரண்டு மாதம் இருந்துதான் போனது. மாடத்தில் பொட்டலம் மாறாமல் இருந்திருந்தால், முதல் தோட்டாவிலும் நல்ல மருந்து இருந்திருக்கும், இருமலும் வைத்தியர் சொன்னபடி மூன்று நாளில் நின்றிருக்கும். நாலாம் நாள் காலையில் பிள்ளை என் இடுப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.